வால்வில் கட்டிய துணி

அன்று மாமா பின்பக்கமாக வந்தார். அவள் பின்கதவைத் திறந்தபோது மதில் ஓரமாகக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, திருடன் மாதிரி பின்னாடி வழியா?”

“சும்மா. இந்தப் பக்கம் ஒரு வேலை. அப்படியே உன்ன எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு.”

“அப்ப உள்ள வாங்க.”

“வரேன், வரேன். இந்தப் புல்லு எப்பவும் இப்படித்தானா? இந்த இடத்துல மட்டும் கருகின மாதிரி இருக்கே.”

“அத்தை துணி அலசின தண்ணிய அங்கதான் கொட்டுவாங்க. சோப்புத் தண்ணி.”

“ஓ, சோப்பா.” நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “வாசனை ஏதாவது வருதா? அழுகின முட்டை மாதிரி?”

“இல்லையே.”

“காத்து இல்லாத நேரத்துல?”

“இல்ல மாமா.”

உள்ளே வந்து சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல படுக்கறீங்க?” என்றார்.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. “பின் ரூம்ல. ஏன்?”

“கட்டில் ஜன்னல் ஓரமா?”

“மாமா, என்ன கேள்வி இது!”

“இல்ல, முன் ரூம்னா காத்து நல்லா வருமே.”

“முன் ரூம்ல டிவி வரும், அத்தையோட சீரியல் வரும். காத்து வராது.”

சாதாரணமாக இதற்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. ஆடை படிந்துபோன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடி, இந்த முறை முன்வாசல் வழியாகப் போனார். அவர் இறுக்கிய குழாயைத் திறக்க அவள் இரண்டு கைகளாலும் திருக வேண்டியிருந்தது.

“உன் மாமா என்ன, மோப்பம் பிடிக்க வந்தாரா?” என்றாள் மாமியார், தன் அறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. அவள் அப்பா இறந்த வாரம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து அம்மா வீட்டு முன்னறையில் தங்கினார். பிறகு அந்தப் பெட்டி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா முந்திக்கொள்வாள்: “அவனுக்கு எப்பவோ ஆயிடுச்சே, அந்தத் துருப்பிடிச்ச பைப்போட.”

எண்ணெயும் எரிவாயுவும் போகும் நிலத்தடிக் குழாய்களைச் செப்பனிடும் குழுவுக்கு அவர்தான் மூத்தவர். குழாயின் மேலிருக்கும் தார்ப்பூச்சு எங்காவது உரிந்துவிட்டால் அங்கே ஈரம் புகுந்து இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். குழி ஆழமாகிவிட்டால் அந்த இடத்துக்குக் கப்ளிங் போடுவார்கள். இரண்டு பாதியாக வரும் கனமான இரும்புக் கூடு அது. குழியில் பசையை நிரப்பி, இரண்டு பாதிகளையும் குழாயைச் சுற்றிப் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கினால், மெலிந்த இடத்தின் பாரத்தைக் கூடும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் இறுக்குவதற்கு முன்னால் குழாயில் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். அது ஏன் என்பதை மாமா அவள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் செய்தே காட்டினார்.

“வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு பெல்ட்டப் போட்டா, பெல்ட்டு சும்மா அழகுக்குத்தான் நிக்கும். பசியோட இருக்கும்போது இறுக்கிப் போட்டுட்டு, அப்புறம் சாப்பிட்டுப் பாருங்க. அப்பத்தான் பெல்ட்டு பெல்ட்டா இருக்கும்.” சொல்லிக்கொண்டே தன் பெல்ட்டில் ஒரு துளையைத் தளர்த்தினார். பந்தியே சிரித்தது. வேலையிடத்திலும் அவருக்குப் பெயர் ‘பெல்ட்டு’தான்.

அவர் எதையும் மூடினால் மூடியதுதான். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வால்வை மூடினாலும் அதன் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். மறுபடி தன் கையால் திறக்கும்போதுதான் அவிழ்ப்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, கம்பெனி விதியிலும் கிடையாது. வீட்டில் எல்லோரும் வெளியூர் போகும்போது சமையல் சிலிண்டரின் கழுத்திலும் அந்தத் துணி ஏறிவிடும். “சிலிண்டருக்குத் தொண்டை வலியாடா?” என்பாள் அம்மா.

அவளுடைய மாமனார் மாமாவின் மேற்பார்வையாளர். பல காலம் ஒரே வண்டியில் போய், ஒரே குழியில் இறங்கி நின்றவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் கல்யாணப் பேச்சே வந்தது. கல்யாணம் முடிந்ததும் ‘சார்’ என்று கூப்பிடுவதா ‘சம்பந்தி’ என்று கூப்பிடுவதா என்று மாமா தடுமாறி, கடைசியில் ‘சம்பந்தி சார்’ என்று ஆக்கிக்கொண்டார். அவளும் மாமனாரை ‘அப்பா’ என்றே கூப்பிட்டாள். மாமா என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது என்ற குழப்பம் வேண்டாம் என்று மாமனாரே சொன்னார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்தச் சொல் மறுபடி வாயில் வந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

மாமனார் வீட்டின் பின்மதிலை ஒட்டி ஒரு புல்வெளிப் பட்டை ஓடும். ஆங்காங்கே மஞ்சள் கம்பங்கள் நட்டிருக்கும். அதன் அடியில் எரிவாயுக் குழாய். அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அங்கே தோண்டிக் கப்ளிங் போட்டிருந்தார்கள். போட்டவர் மாமா, மேற்பார்த்துக் கையெழுத்திட்டவர் மாமனார். இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். பெருமையாகக்கூட இருந்தது.

மாமா அப்படி வந்துபோன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஷூ அது.

“என் வீட்டுக்குப் பின்னாடி என்ன மாமா இருக்கு? மழுப்பாம சொல்லுங்க.”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு ஒரே மழை. குழியோட சுவர் சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தோண்டற மெஷினோட பல்லு பைப்புல பட்டா அவ்வளவுதான்னு எனக்குப் பயம். அதனால யாரும் சொல்றதுக்கு முன்னாடியே நான் போய் ரெண்டு பக்கத்து வால்வையும் மூடிட்டேன். துணியையும் கட்டிட்டேன். அப்புறம்தான் உன் மாமனார் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி பிரஷரக் குறைக்கச் சொன்னார். பிரஷர் காட்டற கேஜ்ல முள்ளு இறங்குச்சு. அவரும் பாத்தார், நானும் பாத்தேன். இறங்கிடுச்சுன்னு கப்ளிங்கப் போட்டு இறுக்கிட்டோம்.”

“சரிதானே?”

“கேஜ் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கு, கண்ணு. அந்தப் பக்கம் இறங்குச்சு. நடுவுல, நாங்க நின்ன இடத்துல, ரெண்டு பக்கமும் மூடிக் கெடக்கு. உள்ள இருந்த பிரஷர் எங்க போகும்? அப்படியேதான் இருந்திருக்கும். முழு வயித்துல பெல்ட்டப் போட்டிருக்கேன்.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “இது இப்ப எப்படித் தெரிஞ்சுது?”

“போன வாரம் வேற ஒரு லைன்ல வால்வ மூடித் துணியக் கட்டப் போனேன். அப்படியே கை நின்னுடுச்சு. உங்க வீட்டுப் பின்னாடி போட்டமே, அன்னிக்குத் துணிய எப்ப அவிழ்த்தேன்னு யோசிச்சேன். வேலையெல்லாம் முடிஞ்ச அப்புறம். கையெல்லாம் சேறு, முடிச்சு அவிழவே மாட்டேங்குது. அது நல்லா ஞாபகம் இருக்கு.”

இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான் என்றார். வழக்கமான அழுத்தத்தைக் குழாய் தானாகவே தாங்கிக்கொண்டிருக்கிறது, கப்ளிங் பேருக்குத்தான் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை வரப்போகிறது. அதற்காகக் குளிர்காலம் தொடங்கும்போது அந்த லைனில் அழுத்தத்தைக் கூட்டப்போகிறார்கள். கூட்டலாம் என்று முடிவெடுத்ததே, அந்த இடத்தில் கப்ளிங் தாங்குகிறது என்ற நம்பிக்கையில்தான்.

“அப்பாகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பனா? ‘நீங்க வால்வத் திறந்துட்டுத்தான் குழியில எறங்கினீங்க, மறந்துட்டீங்க’ங்கறார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ‘நானே அதுக்கு மேலதான்யா படுத்துக் கெடக்கேன், எனக்கு மட்டும் உயிர் வெல்லக்கட்டி இல்லையா’ன்னு கேக்கறார். என்ன பதில் சொல்ல? அவர் பொய் சொல்லல. நிஜமாவே அப்படித்தான் நம்பறார். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல வேற மாதிரி நம்ப மனசு வருமா?”

“அவருக்கு மேல இருக்கறவங்ககிட்ட போங்க.”

“போகலாம். போனா நாளைக்கு அந்த வீட்ல உன்ன எப்படிப் பாப்பாங்க? கடைசி நேரத்துல என் புருஷன் பேரக் கெடுத்தவனோட அக்கா பொண்ணுன்னு உன் மாமியார் ஒரு நாளைக்கு எத்தனை தடவ சொல்லிக் காட்டுவாங்க?”

“வீடே இல்லாமப் போனா அப்புறம் என்ன மாமியார், என்ன மருமக?”

அவர் ஷூவின் நாடாவைக் கோத்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: “நீ ஒரு போன் பண்ணு. வாசனை வருதுன்னு புகார் நம்பர்ல சொல்லு. வீட்டுக்காரங்க சொன்னா கேள்வியே கேக்காம தோண்டிப் பாப்பாங்க. நான் இறங்கி ஒழுங்கா மாத்திப் போட்டுடறேன். யாருக்கும் தலைகுனிவு இல்ல.”

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “வராத வாசனைய வருதுன்னு சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் நிஜமா வந்தா என்ன யாரு நம்புவா?”

மாமா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் கிளம்பும்போது வழக்கம்போல வாசல்வரை வரவும் இல்லை. அது அவளை உறுத்தியது. அவரைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லி அவள் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் தன்னிடம் ஒரு பொய்யைக் கடன் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார் என்றால், எத்தனை நாளாகத் தூங்காமல் இருக்கிறாரோ என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவனுக்கு வெளியூர் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கைப்பையை மாட்டிவிட்டு, பின்னறைக்குப் போய் மெத்தையைச் சுருட்டினாள். கட்டிலைப் பிரித்துப் பகுதி பகுதியாக முன்னறைக்குக் கொண்டுவந்து, டிவிக்கு எதிரே பூட்டினாள்.

மாமியார் தொடரை நிறுத்தவும் மனமில்லாமல், இதை விடவும் மனமில்லாமல், கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள். “என்னடி இது, வீடா, ரயில்வே வெயிட்டிங் ரூமா? நான் எங்க காலை நீட்டறது?”

“கட்டில்லயே நீட்டிக்கோங்க அத்தை. உங்க கட்டிலையும் கொண்டுவந்து போட்டுடறேன்.”

“என் கட்டிலுக்கு என்ன வந்துச்சு? கொள்ளைநோயா?”

மாமனார் வேலையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். கட்டிலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“உன் மாமா ஓதிட்டாரா?”

“ஆமாம்பா.”

“இத்தனை வருஷ வேலைல நான் ஒரு கேஜ் பாக்கத் தெரியாதவன்னு நினைக்கிறியா?”

“நீங்க பாத்தது சரிதான்பா. முள்ளு இறங்கினது நிஜம்னு மாமாவே சொல்றார். வால்வு மூடியிருந்துச்சு, அதத்தான் சொல்றார்.”

“திறந்திருந்துச்சு. அவருக்கு வயசாச்சு, மறதி. தோண்டணும்னா நான் எழுதிக் கொடுக்கணும். என்னன்னு எழுதறது? என் சம்பந்திக்குக் கெட்ட கனவு வந்துச்சுன்னா?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “துணிய போல்ட்டெல்லாம் இறுக்கின அப்புறம்தான் அவிழ்த்தாராம். கை சேறா இருந்ததால முடிச்சு அவிழலையாம்.”

மாமனார் மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். டிவியில் யாரோ யாரையோ வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். “அத நிறுத்து” என்றார் மனைவியிடம். அவள் நிறுத்தினாள்.

“நாங்க எல்லாரும் வண்டியில ஏறி உக்காந்துட்டோம்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “மழை கொட்டுது. இவர மட்டும் காணோம். துணிய எடுத்துட்டு வந்துடறேன்னு வால்வு இருக்கற பக்கம் போனார். நான் ஹாரன் அடிச்சேன். விடாம அடிச்சேன். ஒரு கந்தத் துணிக்கு எங்களக் காக்க வைக்கிறியான்னு அவர் வந்ததும் திட்டினேன்.”

அவர் எழுந்து பின்கதவைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் கருகிய புல்லைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து மனைவியிடம், “உன் கட்டிலையும் முன்னாடி போட்டுக்கோ” என்றார்.

மறுநாள் அவரே எழுதிக் கொடுத்தார், தன் பெயரையும் சேர்த்து.

தோண்டிய அன்று அவள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றாள். இந்தத் தடவை வால்வுகளை யாரும் மூடவில்லை. அழுத்தம் இறங்கியதை ஒருவருக்கு இருவராகப் பார்த்தார்கள். பிறகு மாமா குழியில் இறங்கித் தார்ப்பூச்சைச் சுரண்டினார். கப்ளிங் கறுப்பாக, ஒரு குறையுமில்லாமல் உட்கார்ந்திருந்தது. போல்ட் ஒன்றுகூடத் தளரவில்லை. பார்த்தவர்கள் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்திருப்பார்கள். அவளே அப்படித்தான் நினைத்தாள், கொஞ்சம் பயத்தோடு.

மாமா ஒரு மெல்லிய தகட்டை எடுத்துக் குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவே வைக்கப்போனார். மாமனார் குழிக்குள் இறங்கி, “குடுங்க” என்று அதை வாங்கித் தானே செருகினார். இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் அது கடித உறைக்குள் கத்தி போவதுபோல உள்ளே போயிற்று. அவர் அதை உருவி, கூட்டைச் சுற்றி இன்னொரு இடத்தில் செருகினார். அங்கேயும் போயிற்று. கப்ளிங்கின் விளிம்பைத் தாண்டி, பூச்சு மூடியிருந்த இடத்தில், புதிதாகவும் துரு தின்ன ஆரம்பித்திருந்தது. பழைய கப்ளிங் இப்போது நீளமும் போதாது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா, “நீளக் கப்ளிங் எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார்” என்றார். வெறும் ‘சார்’. சம்பந்தி என்ற சொல் அன்று குழிக்குள் விழுந்தது, பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

நீளமான கப்ளிங்கை மாமா தன் கையாலேயே பொருத்தினார். துருக் குழிகளைத் தேய்த்து, பசையை நிரப்பி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். அழுத்தம் திரும்ப ஏறியபோது தகட்டை வைத்துப் பார்த்தார்கள். நுனிகூட நுழையவில்லை.

அதன் பிறகு விசாரணை வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்காத விசாரணை. ஒரு உயிரும் போகாததால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். மாமாவைக் குழுவிலிருந்து எடுத்து, சரக்கறையில் கப்ளிங்குகளை அளவு பார்த்து அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். மாமனார் ஓய்வுபெற்ற நாளில் வாழ்த்துரை எதுவும் நடக்கவில்லை. தன் மேஜையிலிருந்த டம்ளரையும் அதன் அடியிலிருந்த செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மருமகளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மாமியாரும் மாமா பயந்ததுபோல் சொல்லிக் காட்டவில்லை. தன் கட்டிலைப் பின்பக்கத்துத் தன் அறைக்கு முதலில் இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். “தோண்டிப் பாத்தாச்சு, மாத்தியாச்சு, இனிமே என்ன?” என்றாள்.

அவளுடைய கட்டில் மட்டும் முன்னறையிலேயே இருந்தது. வாரக் கடைசியில் வரும் கணவன் சீரியல் முடியும்வரை சுவரில் சாய்ந்து தூங்கி வழிவான். ஒவ்வொரு வாரமும் மாற்றிவிடலாம் என்று அவள் நினைப்பாள். பின்னறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து மதிலைப் பார்ப்பாள். போல்ட் ஒன்றுகூடத் தளராமல் அந்தப் பழைய கப்ளிங் உட்கார்ந்திருந்த லட்சணம் கண்ணுக்குள் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிவிடுவாள்.

லைனில் அழுத்தம் கூட்டிய மறுநாள் மாமா வந்தார். முன்வாசல் வழியாக, வேலைக்குப் போடும் சட்டை இல்லாமல், வெள்ளைச் சட்டையில். மாமனார் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தி, “வாங்க” என்றார். “வரேன் சார்” என்றார் மாமா. அந்த அளவோடு அது முடிந்தது. அவள் டீ கொண்டுவந்தபோது மாமா கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப அது தாங்கும், கண்ணு.”

“தெரியும் மாமா.”

“தெரியும்னா இது ஏன் இங்க இருக்கு?”

அவள் டம்ளரின் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கப்ளிங் போட்டதால பழைய பைப்பு புதுசு ஆயிடாது. அத நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா அந்த இடத்துல அது பாரத்தப் புடிச்சிருக்கு. நேத்து பிரஷர் ஏத்தினாங்க, நான் சரக்கறை வேலைய விட்டுட்டு வந்து மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னேன். அவங்க ஏத்தி முடிக்கிறவரைக்கும் நின்னேன். என்ன யாரும் கூப்பிடல, நானாத்தான் வந்தேன்.”

டீயைச் சூடாகவே குடித்து முடித்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன், நீ மாட்டேன்னுட்ட. நல்லதாப் போச்சு. இன்னிக்கு ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கம் நீ புடி, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன். ஜன்னல் ஓரமாவே போட்டுடலாம். ஒரே ஒரு நாள் அங்க படுத்துத் தூங்கிட்டு எனக்குச் சொல்லு. அப்புறம் நீ எங்க வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கோ.”